கண்டக்டர் குரலுக்கு வயது குறைந்த கதை

எக்ஸ்ரேக்காவுக்கு அந்தத் தெருவில் வேறு பெயர் கிடையாது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. "அவங்ககிட்ட எதையும் மறைக்காதே, எலும்பு வரைக்கும் பாத்துடுவாங்க" என்று கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார். எக்ஸ்ரேக்காவும் சிரித்துக்கொண்டே, "உங்க தராசையும் ஒரு நாள் எடுத்துட்டு வாங்க, படம் பிடிச்சுப் பாத்துடலாம்" என்பார்.

அவருடைய கணவர் பஸ் கண்டக்டர். இருவரும் சந்தித்ததே எக்ஸ்ரே அறையில்தான். பஸ் கதவில் விரல் நசுங்கி வந்தவரை மேஜைமேல் கையை வைக்கச் சொல்லி, "அசையாம இருங்க" என்றார் இவர். கண்டக்டர் தலையாட்டிவிட்டு, கதவு எப்படிச் சாத்தியது, டிரைவர் என்ன சொன்னார், பின்சீட்டு அம்மா எப்படி அலறினார் என்று சொல்லத் தொடங்கினார். படம் கலங்கிப்போனது. மறுபடி எடுத்தார். அதுவும் கலங்கியது.

"பேசறது வாய்தானே, கை ஏங்க ஆடுது?"

"கை ஆடாம எனக்குப் பேச்சு வராதும்மா."

"அப்போ பேசாதீங்க."

"அதுதான் ரொம்பக் கஷ்டம்."

விரல் கூடிவிட்டது. பேச்சு நிற்கவில்லை. கட்டுப் பிரிக்க வந்தவர், பிரித்த பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்துகொண்டிருந்தார். கடைசியில் எக்ஸ்ரேக்காவின் அப்பாவே, "அந்தப் பையனை வீட்டுக்கே வரச் சொல்லு, ஆஸ்பத்திரியில கூட்டம் குறையும்" என்று சொல்லிவிட்டார்.

கண்டக்டரின் குரல் அப்படிப்பட்டது. கணீரென்று இருக்கும். ஆனால் காதில் இடிக்காது. நெரிசலான பஸ்ஸில் கடைசிப் படியில் தொங்குகிறவனுக்கும் கேட்கும், முதல் சீட்டில் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளாது. அந்த பஸ்ஸில் தினமும் வருகிற ஒருவர், பார்வையில்லாதவர்களுக்கான நூலகத்தின் பொறுப்பாளர். பல மாதம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பயணம் செய்தவர், ஒருநாள் இறங்கும்போது கேட்டார். "எங்களுக்கு ஒரு புஸ்தகம் படிச்சுக் குடுப்பீங்களா? குரலைப் பதிவு பண்ணிக் குடுத்தா போதும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த கண்டக்டர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னைப் படிக்கச் சொல்லிட்டாங்க" என்றார், ஏதோ பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த மாதிரி.

முதல் புத்தகத்தைச் செல்போனில் பதிவுசெய்தார்கள். வீட்டுக்குக் கீழே இரும்புப் பட்டறை. கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் அறுத்து ஒட்டுகிற இடம். கதாநாயகி கண்ணீர் விடுகிற இடத்தில் கீழே ஒருவர் இரும்பை அறுத்தார். கேட்டுப் பார்த்த எக்ஸ்ரேக்காவுக்குப் பொறுக்கவில்லை. கலங்கிய படத்தை டாக்டர் மேஜைக்கு அனுப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு காலியாக இருந்த அறையில் ஒரு பெரிய துணி அலமாரி இருந்தது. தட்டுகளைக் கழற்றி, உள்ளே நாலு பக்கமும் பழைய ரஜாய்களை அடித்து, ஒரு ஸ்டூலைப் போட்டு, கண்டக்டரை உள்ளே உட்கார வைத்தார். மூடிக் கிடந்த ஒரு பாட்டு வகுப்பிலிருந்து நல்ல மைக் ஒன்றும், கையளவு கறுப்புப் பெட்டி ஒன்றும் கிடைத்தன. மைக்கில் விழுகிற குரலைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற எண்களாக மாற்றுவது அந்தப் பெட்டியின் வேலை. கம்ப்யூட்டரிலிருந்து வருகிற எண்களைத் திரும்பக் குரலாக்கிக் காதில் விடுவதும் அதன் வேலைதான். எக்ஸ்ரேக்கா அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலும் ஈரப் படங்களைக் கயிற்றில் காயப்போட்ட காலம் போய், எலும்பெல்லாம் எண்ணாகி, திரையில் வந்துகொண்டிருந்தது. "இது காதுக்கான எக்ஸ்ரே" என்று கணவருக்கு விளக்கினார்.

பட்டறைக்காரர்கள் மதியம் சாப்பிடப் போகிற நேரத்திலும், வார விடுமுறையன்றும் பதிவு நடக்கும். எக்ஸ்ரேக்கா வெளியே ஹெட்போனோடு உட்காருவார். அலமாரிக் கதவைத் தட்டினால் தொடங்கு என்று அர்த்தம். இப்படியே புத்தகம் புத்தகமாக ஓடியது. கண்டக்டருக்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. அத்தியாயத் தலைப்பு வந்தால் பஸ் நிறுத்தம் சொல்வதுபோல வாசிப்பார். அடுத்த அத்தியாயத்தில் இறங்குகிறவர்கள் முன்னால் வந்துவிட வேண்டும் என்கிற தொனி அதில் இருக்கும்.

சங்கடம் வந்தது புதுக் கம்ப்யூட்டரோடு.

பழையது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அதன் விசிறிச் சத்தம் பட்டறையையே தோற்கடித்தது. ஒருநாள் புகையே வந்துவிட்டது. எக்ஸ்ரேக்காவின் தம்பி கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறவன். அக்கா என்றால் அவனுக்கு உயிர். நல்ல பாகங்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, சத்தமே போடாத ஒரு கம்ப்யூட்டரை அவனே பொருத்திக் கொண்டுவந்து வைத்தான். பெட்டி பழையதுதான். மைக் பழையதுதான். கம்ப்யூட்டரும் அதிலிருந்த பதிவு மென்பொருளும் மட்டும் புதுசு.

முதல் பதிவை ஓடவிட்டார்கள். கண்டக்டர் குரல் கண்ணாடிபோல வந்தது. ஆனால் நடுநடுவே 'ச்சு' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'ச்சு'.

கண்டக்டர் முகம் சுண்டிவிட்டது. "நான் படிக்கிறதுக்கு யாரோ உச்சுக் கொட்டறாங்க."

"யாரும் கொட்டல. கம்பி ஏதாவது லூசா இருக்கும்."

கம்பியை மாற்றினார்கள். ச்சு. கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையிலிருந்து எடுத்துப் பின்பக்கம் செருகினார்கள். ச்சு. ஃப்ரிட்ஜை அணைத்தார்கள். செல்போன்களைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தியதில் மூவருக்கும் வியர்த்ததுதான் மிச்சம். தம்பி மாமாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னான். பிறகு பெல்ட்டை.

"மாப்ள, இதுக்கு மேல கழட்டச் சொன்னா நான் படிக்க மாட்டேன்" என்று அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது.

தம்பி சளைக்கவில்லை. பெட்டிக்கான புது மென்பொருளை இறக்கி, அதன் ஜன்னல்களைத் திறந்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். கடைசியில் 'பூட்டிவை' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. எதைப் பூட்டுகிறது என்று அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. அதில் ஒரு டிக் அடித்தான். சத்தம் நின்றது. பத்துப் பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு 'ச்சு' கிடையாது. கண்டக்டர் அலமாரியிலிருந்து வெளியே வந்து மைத்துனனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எக்ஸ்ரேக்கா எல்லாருக்கும் டீ போட்டார். கதை முடிந்தது என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள்.

ஒரு புத்தகம் முடிந்து நூலகத்துக்குப் போனது. இன்னொன்றும் பாதி போனது. அப்போது பஸ்ஸில் ஏறிய பொறுப்பாளர், டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க பண்ணீங்க? கேக்கறவங்க எல்லாம் அசந்துபோய்ட்டாங்க. யார் அந்தப் புதுத் தம்பி, சுறுசுறுப்பாப் படிக்கறாரேன்னு கேக்கறாங்க. காலேஜ் பசங்க ரெண்டு பேரு அடுத்த புஸ்தகம் எப்போன்னு நச்சரிக்கறாங்க."

அன்று முதல் கண்டக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடிமுன் நிற்கும் நேரம் கூடியது. வகிடு இடம் மாறியது. கட்டம்போட்ட சட்டை ஒன்று வீட்டுக்கு வந்தது. ஒருநாள் தன்னுடைய பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டார். அவை ஆமைபோல நகர்ந்தன. குரலும் தொண்டைக்கு அடியிலிருந்து வந்தது.

"கேளு, கேளு. முன்னாடி எப்படித் தூங்கி வழிஞ்சிருக்கேன் பாரு. பாவம், இதையும் கேட்டிருக்காங்களே! இப்போ வர்றதைக் கேளு." புதுப் பதிவைப் போட்டார். அது சரியாக, அவர் பேசுவதுபோலவே இருந்தது. "வித்தியாசம் தெரியுதா? பழகப் பழகத்தான் கலை."

எக்ஸ்ரேக்காவுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. அந்தப் பழைய புத்தகங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவுசெய்தவரே அவர்தான். அப்போது இவ்வளவு மந்தமாக இருந்ததாக நினைவில்லை. ஆனால் மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது அதைக் கிளறுவானேன்? "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டீ இடைவேளை. தெரியாத எண்.

"வணக்கம்மா. நான் ஒரு ஆபீஸ்ல டெலிபோன் ஆபரேட்டரா இருக்கேன். எனக்குப் பார்வை இல்ல. நூலகத்துல உங்க நம்பர் வாங்கினேன். உங்க வீட்டுக்காரர் படிச்ச புஸ்தகம் ஒண்ணு விடாம கேட்டிருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம்மா. அவர்கிட்ட சொல்றேன்."

"இல்ல, சொல்ல வேண்டாம். உங்ககிட்டதான் கேக்கணும். அவருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

எக்ஸ்ரேக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன் கேக்கறீங்க?"

"எல்லாரும் யாரோ புதுசா ஒருத்தர் படிக்கறார்னு சொல்றாங்க. புதுசு இல்ல, அவரேதான். அந்தத் தலைப்பு படிக்கிற விதம் வேற யாருக்கும் வராது. ஆனா மூச்சு சரியில்லம்மா. முன்னாடி எல்லாம் ஒரு பத்தி முடிஞ்சா நிதானமா, நல்லா இழுத்து ஒரு மூச்சு எடுப்பாரு. அதைக் கேட்டாலே எனக்கு ஒரு நிம்மதி. இப்போ வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கறாரு. குரலும் மேல ஏறிடுச்சு. எங்க அப்பாவுக்குக் கடைசி நாள்ல மூச்சு இப்படித்தான் ஆச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க. மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன்."

எக்ஸ்ரேக்கா நன்றி சொல்லிப் போனை வைத்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை நெஞ்சைப் படம் பிடித்திருப்பார்! வீட்டில் இருக்கிற நெஞ்சை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே.

மறுநாளே கண்டக்டரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "சும்மா ஒரு செக்கப். வயசாகுதில்ல?"

"எனக்கா? எனக்கு வயசு குறைஞ்சுக்கிட்டு வருது. நூலகத்துல கேட்டுப் பாரு."

"சரி, சட்டையைக் கழட்டிட்டு அந்தப் பலகையில சாஞ்சு நில்லுங்க இளைஞரே. மூச்ச நல்லா இழுங்க. பேசாதீங்க."

திரையில் படம் வந்தது. விலாக்கூட்டுக்குள் இரண்டு நுரையீரலும், இருக்க வேண்டியபடி கறுத்து, துப்புரவாக, விரிந்து கிடந்தன. இதயம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அந்த அறையில் அவர் பார்த்த படங்களில் இவ்வளவு அழகான ஒன்று இல்லை என்று எக்ஸ்ரேக்காவுக்குத் தோன்றியது. டாக்டரும் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் பஸ்ஸையே ஊதித் தள்ளிடுவாரும்மா, கவலைப்படாதீங்க" என்றார்.

ஆள் சரியாக இருக்கிறார். ஆனால் கேட்கிறவர் சும்மா சொல்லவில்லை. அப்படியென்றால் கோளாறு ஆளுக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

எக்ஸ்ரேக்கா ஆபரேட்டரைக் கூப்பிட்டார். "உங்க பக்கம் அந்தப் புதுப் புஸ்தகம் எப்படிக் கேக்குதுன்னு போன்லயே போட்டுக் காட்டுங்கம்மா."

கேட்டதும் சிரிப்பும் வந்தது, பதற்றமும் வந்தது. அது அவர் கணவர்தான். ஆனால் பின்னால் நாய் துரத்துகிற கணவர். குரல் ஒரு படி மேலே ஏறி, வார்த்தைகள் ஒன்றின் குதிகாலை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடின. பிறகு பழைய புத்தகம் ஒன்றைப் போடச் சொன்னார். அது நிதானமாக, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவுசெய்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தூக்கமும் இல்லை, மந்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்து அதே இரண்டையும் கறுப்புப் பெட்டி வழியாகக் கேட்டார். இங்கே புதியது சரி, பழையது மந்தம். அங்கே பழையது சரி, புதியது ஓட்டம். ஒரே பதிவு, இரண்டு வீட்டில் இரண்டு வேகம். எது உண்மை?

மறுநாள் ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்புக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வழி தெரிந்தது. திரையில் எலும்பு பெரிதாகவோ சிறிதாகவோ தெரியலாம். அதை நம்பி அளவெடுத்தால் ஆபத்து. அதனால் எலும்பு டாக்டர் எப்போதும் பக்கத்தில் ஒரு இரும்புக் குண்டை வைக்கச் சொல்வார். குண்டின் அளவு எல்லாருக்கும் தெரியும். படத்தில் குண்டு எவ்வளவு பெரிதாகி இருக்கிறதோ, எலும்பும் அதே அளவுக்குப் பெரிதாகியிருக்கும். குரலுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு குண்டு வேண்டும். வேகம் மாறாத ஒன்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அடுக்களைச் சுவரில் கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

வார விடுமுறையன்று கடிகாரத்தைக் கழற்றி, ஸ்டூல்மேல், மைக்முன் வைத்து, அலமாரிக் கதவைச் சாத்தினார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இப்போ அதைப் படிக்கச் சொல்லியிருக்கியா? எனக்குப் போட்டியா?"

"உங்களை மாதிரி இல்ல, அது ஒரே வேகத்துல படிக்கும். கொஞ்சம் சும்மா இருங்க."

கொஞ்ச நேரம் பதிவுசெய்து, அதைப் பெட்டி வழியாக ஓடவிட்டு, கடிகாரத்தைக் காதருகே பிடித்தார். இரண்டு டிக்கும் ஒன்றாகவே நடந்தன. பிறகு அதே பதிவைச் செல்போனுக்கு மாற்றி ஓடவிட்டார். முதல் சில டிக்குகள் ஒட்டி நடந்தன. அப்புறம் செல்போன் டிக் முந்தத் தொடங்கியது. சுவர்க் கடிகாரம் நடக்க நடக்க, செல்போனில் இருந்தது பஸ்ஸைப் பிடிக்க ஓடியது.

எக்ஸ்ரேக்கா தம்பியைக் கூப்பிட்டார். அவன் வந்து, கடிகாரத்தையும் செல்போனையும் மாறி மாறிக் காதில் வைத்துப் பார்த்தான். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, நான் அன்னைக்குப் பூட்டினேனே ஒரு கட்டம், அதுதான் வேலையைக் காட்டியிருக்கு."

இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினான். பெட்டி குரலைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்குகிறது. ஒரு நொடிக்கு இத்தனை துண்டு என்று அதற்கு ஒரு கணக்கு. பழைய கம்ப்யூட்டருக்கும் அதே கணக்குதான். புதுக் கம்ப்யூட்டரில் வந்த பதிவு மென்பொருளோ, ஒரு நொடிக்கு அதைவிட அதிகத் துண்டு என்று தானாகவே எடுத்துக்கொண்டது. முதல் நாள் கேட்ட 'ச்சு' சத்தமெல்லாம் இரண்டும் அடித்துக்கொண்ட சத்தம். தம்பி பெட்டியின் கணக்கைப் பூட்டினதும் சண்டை நின்றது, ஆனால் தகராறு தீரவில்லை. பெட்டி பழைய கணக்கில் நறுக்கிக் கொடுக்க, மென்பொருள் அதன்மேல் புதுக் கணக்கு என்று சீட்டு ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. சீட்டை நம்பி ஓடவிடுகிற எல்லா இடத்திலும் குரல் ஓட்டம் பிடித்தது. வீட்டில் மட்டும் அதே பெட்டி வழியாகவே கேட்டதால், தப்பும் தப்பும் கழிந்து சரியாகக் கேட்டது. சரியான சீட்டு ஒட்டிய பழைய பதிவுகளைத்தான் மென்பொருள் தன் புதுக் கணக்குக்கு மாற்றிக் கொடுக்க, பெட்டி பழைய கணக்கிலேயே ஓடவிட, அவை மந்தமாயின.

"சத்தம் நின்னதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்க்கா."

"நாங்களும்தானேடா நெனச்சோம். நானும் அன்னைக்கு டீ போட்டுக் கொண்டாடினேனே. சரி, இப்போ என்ன பண்றது?"

தம்பி பூட்டைத் திறந்தான். ச்சு என்று சத்தம் உடனே திரும்பி வந்தது. மென்பொருளில் பெட்டியின் கணக்கையே போட்டான். சத்தம் நின்றது. எக்ஸ்ரேக்கா மறுபடி கடிகாரத்தைப் பதிவுசெய்து, செல்போனில் போட்டுப் பார்த்தார். இரண்டு டிக்கும் கைகோத்துக்கொண்டு நடந்தன. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"அனுப்பின புஸ்தகத்தை எல்லாம் மாமா மறுபடி படிக்கணுமாடா?"

"வேண்டாம்க்கா. மாமா சரியாத்தான் படிச்சிருக்காரு. சீட்டை மட்டும் மாத்தி ஒட்டினா போதும்."

அந்தக் கஷ்டம் தீர்ந்தது. இன்னொரு கஷ்டம் இருந்தது. கண்டக்டரிடம் யார் சொல்வது?

தம்பி, கடையில் அவசர வேலை என்று நழுவிவிட்டான். எக்ஸ்ரேக்கா அன்று முழுவதும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் அவர் கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்றபோது, பக்கத்தில் போய் நின்றார். மறைக்கத் தெரியாதவர், ஆகவே நேராகவே சொன்னார். பெட்டி, சீட்டு, கடிகாரம், ஆபரேட்டர், எதற்காக நெஞ்சுக்குப் படம் எடுத்தார் என்பது வரை எல்லாவற்றையும்.

கண்டக்டர் பேசாமல் கேட்டார். அவர் பேசாமல் கேட்டதே பெரிய விஷயம். கை ரெண்டும் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தன.

"அப்போ அந்தப் புதுத் தம்பி?"

"நீங்கதான். கொஞ்சம் அவசரத்துல இருக்கற நீங்க."

"காலேஜ் பசங்க நச்சரிச்சதெல்லாம்?"

"அதுவும் உங்களைத்தாங்க. கதையும் பிடிச்சிருக்கும்ல?"

"வேகம் பிடிச்சிருக்கு" என்றார் அவர். பிறகு மெதுவாக, "ஒரு விஷயம் கேக்கட்டுமா? நான் பழையபடி படிச்சா, கெழவன் படிக்கறான்னு சொல்லிட மாட்டாங்களே?"

எக்ஸ்ரேக்கா அவர் பக்கம் திரும்பினார். "ஊருக்கே உங்க குரல் இளசாக் கேட்டுச்சு. ஒரே ஒருத்தங்களுக்கு மட்டும் நீங்க மூச்சு வாங்கறது கேட்டுச்சு. யாருக்காகப் படிப்பீங்க?"

கண்டக்டர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, "இந்தச் சட்டை கழுத்தை இறுக்குது" என்று உள்ளே போனார். இரண்டு நாள் முகம் கொஞ்சம் தொங்கலாகத்தான் இருந்தது. எக்ஸ்ரேக்கா அதைச் சரிசெய்யப் போகவில்லை. சில வீக்கங்கள் தானாக வடிய வேண்டும்.

சீட்டு மாற்றிய பதிவுகள் நூலகத்துக்குப் போயின. பொறுப்பாளர் நன்றாகச் சிரித்தார். ஓட்டமாகக் கேட்க விரும்புகிறவர்களுக்குக் கேட்கிற கருவியிலேயே வேகத்தைக் கூட்டிக்கொள்ள வசதி இருக்கிறது, அதை அந்தப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்றார். வேறு இருவர் வீட்டில் பதிவுசெய்து அனுப்புகிறவை காரணம் தெரியாமல் மந்தமாக இருப்பதாகவும், எக்ஸ்ரேக்கா ஒரு நடை போய்ப் பார்க்க முடியுமா என்றும் கேட்டார். எக்ஸ்ரேக்கா சுவர்க் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு தம்பியோடு போய்வந்தார்.

ஆபரேட்டர் மறுபடி கூப்பிட்டது ஒரு மதிய வேளை. கண்டக்டர் வீட்டில் இருந்தார். எக்ஸ்ரேக்கா அவர் கையில் போனைக் கொடுத்து, "அவங்கதான்" என்றார்.

பஸ் முழுக்க அதட்டுகிற மனுஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆங்... ஆமாங்க... இல்லீங்க..." என்று முனகினார். ஒரு கை காற்றில் எதையோ தேடியது. போனில் அந்த அம்மா என்னவோ நிறையச் சொன்னார். கண்டக்டர் கண் சிவந்துபோய், "உங்களுக்கு எந்தப் புஸ்தகம் வேணும்னு சொல்லுங்கம்மா, அதையே அடுத்துப் படிச்சுடறேன்" என்றார்.

அந்த அம்மா கேட்டது கப்பலில் உலகம் சுற்றியவர்களைப் பற்றிய புத்தகம். நூலகத்திலிருந்து வந்ததைப் பார்த்தால் தலையணைக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம். கண்டக்டர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுலயே போகாம இவங்க ஏன் கடல்ல இறங்கினாங்க?" என்றார். ஆனாலும் ஒரு நல்ல நாளில் தொடங்கிவிட்டார். மழைக்காலம் வந்து போனது. கப்பல்கள் இன்னும் பாதி உலகம்கூடச் சுற்றவில்லை.

அப்படி ஒரு மதியம். ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு என்று எக்ஸ்ரேக்கா இரண்டு பேர் வேலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கீழே பட்டறை அடங்கியிருந்தது. ஹெட்போனை மாட்டி, அலமாரிக் கதவைத் தட்டினார். புயலில் மாட்டிய கப்பலைக் கண்டக்டர் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பத்திக்கும் நன்றாக ஒரு மூச்சு இழுத்து, அலை எழுகிற இடத்தில் எழுப்பி, அடங்குகிற இடத்தில் அடக்கி, மாலுமிகள் கரையைக் கண்ட இடத்தில் குரல் தழுதழுக்கப் படித்து முடித்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தார்.

எக்ஸ்ரேக்கா மேஜைமேல் கன்னத்தை வைத்து, ஹெட்போன் காதில் இருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் பதிவுப் பொத்தான் அழுத்தப்படவே இல்லை.

கண்டக்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு ஜன்னல் திரையை இழுத்து வெயிலை மறைத்துவிட்டு, டீ போடப் போனார். டம்ளர் சத்தத்தில் எக்ஸ்ரேக்கா திடுக்கிட்டு எழுந்தார். திரையைப் பார்த்தார்.

"ஐயையோ, அழுத்தவே இல்லையே! அவ்வளவும் போச்சா? என்னங்க, அவ்வளவு நேரம் படிச்சீங்களே..."

"விடு, விடு. முதல்ல டீயைக் குடி. மறுபடி படிச்சாப் போச்சு." டம்ளரை அவர் கையில் வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "கப்பல் எங்க போயிடப் போகுது?"